டன்வேகன் கோட்டையும் மக்லவுட் குலமும்

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையை ஒட்டியுள்ளது ஸ்கை தீவு. முன்னெல்லாம் அங்கே படகேறித்தான் செல்ல வேண்டும். 1995 முதல் பாலம் இருப்பதால் நாங்கள் மோட்டாரிலேயே சென்றோம். தீவின் மறுகோடியில், கடலோரப் பாறைமீது, மக்லவுட் குலத் தலைவர்களின் டன்வேகன் கோட்டை நிற்கிறது. 1748 வரை அதற்குக் கடல் வாயில் ஒன்றுதான். கடல்வழி வந்த வமிசத்தாருக்கு அது பொருத்தமே.

'மக்' என்றால் மகன். (ஒலி ஒப்புமை கண்டு தமிழோடு உறவு கற்பிக்க வேண்டாம்!) லவுட் என்பவர் 13-ஆம் நூற்றாண்டினர், பெயரோ பழைய நார்வே மொழியைச் சேர்ந்தது. மான் தீவின் அரசர் ஓலாவுக்கு அவர் புதல்வர் என்பது குல ஐதீகம். ஆராய்ச்சியாளர் பலர் இதை ஏற்பதில்லை. அவர் வழியில் இரு கிளைகள் தோன்றின. ஒன்று ஹாரிஸ் தீவையும் டன்வேகனையும், மற்றது லூயிஸ் தீவையும் ஆண்டன. லூயிஸ் கிளை தாயாதிச் சண்டையில் நலிந்து, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலத்தை மெக்கென்ஸி குலத்தாரிடம் இழந்தது.

கேலிக் மொழியில் குலத்தைக் குறிக்கும் 'கிளான்' என்ற சொல்லுக்கே பிள்ளைகள் என்று பொருள். தலைவர் தந்தை, குடிகள் மக்கள். இரத்த உறவில்லாத குடியானவரும் அவர் பெயரையே தாங்கினர். அப்பிள்ளைகளுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1739-இல் ஸ்கை, ஹாரிஸ் தீவுகளில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஏறத்தாழ நூறு பேரைப் பிடித்து, அமெரிக்கக் குடியேற்றங்களில் விற்பதற்காகக் கப்பலேற்றினர். கப்பல் அயர்லாந்தின் டொனகடீ துறையில் தங்கியபோது அவர்கள் தப்பினர். அக்காலத் தலைவர் நார்மன் மக்லவுடுக்கு இதில் பங்குண்டு என்ற பழி எழுந்தது. ஆயினும் அவர்மீது வழக்கு நடக்கவில்லை. கோட்டையின் சித்திரங்களையும் வெள்ளிப் பாத்திரங்களையும்விட இச்செய்தியே எங்கள் மனத்தில் தங்கிற்று.

அவருடைய பேரரான மற்றொரு நார்மன், கடன் சுமையால் பட்டாளத்தில் சேர்ந்து இந்தியா வந்தார். 1782 நவம்பரில் பொன்னானியில் திப்பு சுல்தானின் சேனையை எதிர்த்தவர் இவரே. பாலக்காட்டு அன்பர்கள் அவ்வழியே செல்லும்போது நினைத்துக்கொள்ளலாம்.

1935-இல் ஆண் வாரிசின்றிப் போகவே, ப்ளோரா அம்மையார் 28-ஆம் தலைவியானார். உலகெங்கும் சிதறிய மக்லவுடுகளைத் தேடிச் சென்று கண்ட அவர், 1956-இல் அவர்களை டன்வேகனுக்கு அழைத்துக் குல மகாசபை கூட்டினார். வெளியேறியவர்களின் சந்ததியார் கடல் கடந்து வந்து கூடினர். பிறகு அவருடைய பேரர் ஜான், கோட்டைக் கூரையைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டி, 2000-இல் கருங்கூலின் மலையை ஒரு கோடி பவுனுக்கு விற்க முன்வந்தார். மலை தலைவருக்கு மட்டும் சொந்தமா என்று தீவு மக்கள் கிளர்ந்தனர். விற்பனை நடக்கவில்லை.