யாருமே பிடிக்கவில்லை என்றால்?

தேர்தல் தேதியை அறிவித்துவிட்டால் போதும், எங்கள் சிங்கவரத்தில் தண்ணீர்க் குழாயடிப் பேச்சே மாறிவிடும். மருமகள் கதை, மாமியார் கதை எல்லாம் பின்னால் போய்விடும். "இந்தத் தடவை யாருக்குடி போடறது?" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். "யாருக்குப் போட்டா என்ன? எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க" என்று இன்னொருத்தி முடிப்பாள். அத்தோடு அவரவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம்.

இந்தப் பேச்சு உங்கள் ஊரிலும் இருக்கும், சகோதரிகளே. நிற்கிறவர்களில் ஒருவரைக்கூட மனம் ஒப்பவில்லை என்றால், ஓட்டுள்ள ஒரு பெண் என்ன செய்வது? நான் பத்தாவது வரைதான் படித்தவள். ஆனாலும் இந்தக் கேள்வி என் வீட்டுக் கூடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டதால், நாலு விஷயங்களைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

2024 ஏப்ரல் 19-ஆம் தேதி நமக்கு மக்களவைத் தேர்தல். எங்கள் செஞ்சி, ஆரணித் தொகுதியில் சேர்ந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு அதுதான் முதல் ஓட்டு. அடையாள அட்டை வந்தபோது சந்தோஷமாகத்தான் வாங்கி வைத்தாள். தேர்தலுக்கு நாலு நாள் இருக்கும்போது, "எனக்கு ஒருத்தரையும் பிடிக்கல. நான் போகப்போறதில்ல" என்றாள்.

என் மாமியாருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஏண்டி கண்ணு, போகாம இருந்தா உன்னைச் செத்துட்டான்னு எழுதிப்புடுவாங்கடி" என்றார். நாங்கள் சிரித்தோம்.

என் கணவர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் யோசிக்க வேணாம். நான் சொல்றதுக்குப் போட்டுட்டு வா. நம்ம வீட்டு ஓட்டு பிரியக் கூடாது" என்றார். மகள் முகம் சுருங்கிவிட்டது. "அப்பா, அப்ப எனக்கு எதுக்கு ஒரு ஓட்டு? உங்களுக்கே ரெண்டா குடுத்திருக்கலாமே" என்றாள். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

போகமாட்டேன் என்கிறாள் மகள். நான் சொன்னதற்குப் போடு என்கிறார் அவர். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை.

போகாமல் இருப்பதை முதலில் பார்ப்போம். நம் நாட்டில் குடியரசுத் தலைவரை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பக்கத்திலே இலங்கையில் அப்படி இல்லை. ஜனாதிபதியை மக்களே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2005 நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்சவும் ரணில் விக்ரமசிங்கவும் முக்கியப் போட்டியாளர்கள். யார் வந்தாலும் தமிழருக்கு ஒன்றுமில்லை என்ற கசப்பு வடக்கில் இருந்தது. அதற்கு மேல் விடுதலைப் புலிகள் விதித்த புறக்கணிப்பும், அதை மீறப் பயமும் சேர்ந்துகொண்டன. யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 லட்சம் வாக்காளர்கள் பட்டியலில் இருந்தும், ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர், ஒன்றரைப் பேர்தான். நாடு முழுக்க எண்ணிப் பார்த்தபோது மகிந்த ஜெயித்தது சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில்! நாம் போகாவிட்டால் தேர்தல் நின்றுவிடாது. மற்றவர்கள் போட்டது நமக்கும் சேர்த்து நடந்துவிடும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

2010 ஜனவரியில் அதே தமிழர்களுக்கு வந்த நிலைமை இன்னும் கொடுமை. ஒரு பக்கம் யுத்தத்தை நடத்திய ஜனாதிபதி மகிந்த. இன்னொரு பக்கம் அந்த யுத்தத்தில் படைக்குத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா. இந்த இருவரில் ஒருவரை எடு என்றால், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் எவரை எடுப்பாள்? யாழ்ப்பாணத்தில் நாலில் ஒருவர்தான் ஓட்டுப் போடப் போனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் பொன்சேகாவுக்குப் போட்டார்கள். பிடித்துப் போட்டதாக யாரும் சொல்லமாட்டார்கள். அதைப் படித்தபோது, நம் குழாயடி முணுமுணுப்பெல்லாம் எவ்வளவு சின்னது என்று தோன்றியது.

அந்த நாட்டில் ஒரு நல்ல வழியும் வைத்திருக்கிறார்கள். ஜனாதிபதித் தேர்தலில் முதல் விருப்பம், இரண்டாவது, மூன்றாவது என்று 1, 2, 3 போட்டுக் காட்டலாம். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், முதல் இரண்டு இடத்தில் வந்தவர்களுக்கு மற்றவர்களின் அடுத்த விருப்பங்களை எண்ணிச் சேர்ப்பார்கள். 2024 செப்டம்பரில்தான் முதல் தடவையாக அப்படி எண்ண வேண்டி வந்து, அநுர குமார திசாநாயக்க ஜெயித்தார். அதே தேர்தலில் தமிழர் பொது வேட்பாளராக அரியநேத்திரன் நின்று 2 லட்சத்து 26 ஆயிரம் ஓட்டு வாங்கினார். ஜெயிக்க நிற்கவில்லை, எங்கள் குறை இது என்று எண்ணிக்கையில் காட்டுவதற்காக நின்றார்.

நம் நாட்டில் 1, 2, 3 போடும் வழி கிடையாது. ஆனால் "இவர்களில் யாரும் வேண்டாம்" என்று சொல்ல ஒரு பொத்தான் இருக்கிறது. அதுதான் நோட்டா. இயந்திரத்தில் பெயர்களுக்கெல்லாம் கடைசியில் இருக்கும். ஓட்டுச் சீட்டின் மேல் பெருக்கல் குறி போட்ட மாதிரி ஒரு சின்னமும் 2015-லிருந்து போடுகிறார்கள்.

அது வருவதற்கு முன்னாலும் யாரும் வேண்டாம் என்று சொல்ல வழி இருந்தது. 49-ஓ என்று ஒரு விதி. ஆனால் எப்படித் தெரியுமா? சாவடிக்குள் போய், கையெழுத்துப் போட்டு, விரலில் மை வைத்துக்கொண்ட பிறகு, "நான் யாருக்கும் போடவில்லை" என்று அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் அதைப் பதிவேட்டில் எழுதி, மறுபடி கையெழுத்து வாங்குவார். பக்கத்திலேயே எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் உட்கார்ந்திருப்பார்கள். நம்மைப் போல ஊரில் குடித்தனம் நடத்தும் பெண் அதைச் செய்ய முடியுமா? வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி முன்னால் வந்துவிடுமே!

இதை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004-இல் வழக்குப் போட்டது. 2013 செப்டம்பர் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், யாருக்குப் போட்டோம் என்பது எப்படி ரகசியமோ, யாருக்கும் போடவில்லை என்பதும் அப்படியே ரகசியமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, பொத்தான் வைக்க உத்தரவிட்டது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நம் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த நீதிபதி சதாசிவம். தமிழ்நாட்டில் முதலில் அந்தப் பொத்தான் வந்தது அதே ஆண்டு டிசம்பரில், ஏற்காடு இடைத்தேர்தலில்.

அதன் பிறகு நம் ஜனங்கள் அதைச் சும்மா விடவில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் நீலகிரியில் 46,559 பேர் நோட்டா அழுத்தினார்கள். 2017 டிசம்பரில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நோட்டாவுக்கு விழுந்தது 2,373. அங்கே நின்ற ஒரு தேசியக் கட்சி வேட்பாளருக்குக்கூட அவ்வளவு விழவில்லை. 2024-இல் மத்தியப் பிரதேசத்து இந்தூரில் முக்கிய எதிர்க்கட்சி வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கிவிட, நோட்டாவுக்கு விழுந்த ஓட்டு 2,18,674!

"அப்படின்னா இந்தூர்ல மறுபடி தேர்தல் வெச்சாங்களாம்மா?" என்று மகள் கேட்டாள். இல்லை. அங்கே ஜெயித்தவர் 12 லட்சத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். நோட்டாவை எண்ணுவார்கள், எழுதி வைப்பார்கள், அவ்வளவுதான். நோட்டாவே எல்லோரையும்விட அதிகம் வாங்கினாலும், மக்களவை, சட்டசபைத் தேர்தல்களில் அடுத்து அதிகம் வாங்கிய வேட்பாளர்தான் ஜெயித்தவர். டெபாசிட் கணக்கில்கூட அந்த ஓட்டைச் சேர்ப்பதில்லை. அதே 2024-இல் குஜராத்தின் சூரத்தில் ஒருவர் மனு தள்ளுபடி ஆகி, மற்றவர்கள் வாபஸ் வாங்கி, ஒரே ஒருவர் மிஞ்சியதால் போட்டியின்றித் தேர்வானார். ஓட்டுப் பதிவே இல்லாதபோது நோட்டாவை எங்கே போய் அழுத்துவது? ஹரியானா, மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018-இல், தங்கள் உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா முதலில் வந்தால் மறுதேர்தல் என்று விதி செய்தன.

இதை யோசிக்கும்போது எனக்கு எங்கள் ஊர்ப் பெருமாள் நினைவுதான் வரும். சிங்கவரம் மலையில் பாறையைக் குடைந்து செய்த கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். 1714-இல் ஆற்காட்டு நவாபோடு சண்டைக்குப் புறப்பட்ட ராஜா தேசிங்கு இவரிடம் வந்து உத்தரவு கேட்டானாம். பெருமாளுக்குச் சம்மதமில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தேசிங்கு கேட்கவில்லை. போனான், மாண்டான். பெருமாளே முகத்தைத் திருப்பினாலும், கேட்கிறவனுக்குக் காது இருந்தால்தான் பலன். நோட்டாவும் அப்படித்தான். முகத்தைத் திருப்புவது நம் உரிமை. ஆனால் அது ஒன்றே போதாது.

ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சியில் 1996-இல் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் குறைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் ஆள் ஆளுக்கு மனுப் போட்டார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள்! தேர்தலையே தள்ளி வைத்து, ஓட்டுச் சீட்டைப் புத்தகம் மாதிரி அடிக்க வேண்டி வந்தது. நாடே திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டில், சட்டசபைக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். இப்போது அது 10,000. நம்மைப் போன்றவர்கள் நிற்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

அப்படியானால் என்னதான் வழி? அடுப்பிலிருந்து இறக்கின பிறகு "அரிசி சரியில்லை" என்று சொல்லிப் பயனில்லை. கடையிலேயே கையில் அள்ளிப் பார்த்திருக்க வேண்டும். 2003 முதல் ஒவ்வொரு வேட்பாளரும் தன் சொத்து, கடன், படிப்பு, தன்மேல் உள்ள வழக்கு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத் தேர்தல் ஆணையம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. வழக்கு உள்ளவரை நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று கட்சி காரணம் சொல்ல வேண்டும், ஜெயிப்பார் என்பது மட்டும் காரணமாகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் மகளிர் குழுவில் என் மகள் கைப்பேசியில் அந்தப் பத்திரங்களை எடுத்து வாசித்துக் காட்டினாள். "இத்தனை ஏக்கராடி!" என்று வாயைப் பிளந்தவர்கள்தான் அதிகம். ஆனாலும் குழாயடியில் ஒரு வார்த்தையில் முடிந்த பேச்சு அன்று ஒரு மணி நேரம் நடந்தது.

அப்போது ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கவர் வாங்கிட்டேன்க்கா. விளக்கு முன்னாடி சத்தியம் வேற வாங்கிட்டுப் போயிட்டாங்க. மாத்திப் போட்டா பாவமில்லையா?" சகோதரிகளே, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். குற்றத்துக்குச் செய்த சத்தியம் எந்தச் சாமியையும் கட்டாது. அதோடு, காசு கொடுத்து ஜெயிக்க முடியும் என்று தெரிந்தால், நல்ல ஆளை நிறுத்த எந்தக் கட்சிக்கு அவசியம் வரும்? பிடிக்காத பட்டியல் நம் வீட்டு வாசலில்தான் தயாராகிறது.

உள்ளாட்சியில் நமக்குப் பாதி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கிராம சபையோ வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. அங்கே எழுந்து கேள்வி கேட்கும் பெண்தான் நாளைக்கு நிற்க வேண்டிய வேட்பாளர். பேர் மட்டும் மனைவிக்கு, பதவி கணவனுக்கு என்று இல்லாமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலை.

இனி எங்கள் வீட்டு வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நான் என் கணவரிடம் தனியாகச் சொன்னேன்: "இத்தனை வருஷமா நீங்க சொன்னதை நான் கேட்டேனா, கேட்கலையான்னு உங்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் அந்த அட்டை மறைப்பே வெச்சிருக்காங்க. அவளையும் அப்படி விட்டுடுங்க." அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு செய்தித்தாளை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். ஆனால் மகளிடம் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

மகளிடமும் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "போ. யாருக்குப் போடறதோ, யாருக்கும் வேணாம்னு அழுத்தறதோ, அது உன் இஷ்டம். ஆனா நீ வந்தேங்கறது கணக்குல இருக்கட்டும்." தன் ஆயாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். மை வைத்த விரலைக் காட்டியபடி இருவரும் வந்தார்கள். யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. இன்று வரை கேட்டதில்லை.

2021, 2024 தேர்தல்களில் தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் நாம்தான் அதிகம். நாம் சேர்ந்து முகத்தைத் திருப்பினால் கட்டாயம் கவனிப்பார்கள். ஆனால் ஓட்டுப் போடும் நாளில் முகம் சுளிப்பதைவிட, ஆளை நிறுத்தும் நாளிலேயே வாயைத் திறப்பது நல்லது. அதற்கு டெபாசிட் கட்ட வேண்டியதில்லை.