கரிந்தண்டனின் சங்கிலி

மட்டாஞ்சேரியின் மங்காட்டுமுக்கில், ஒரு சுவரை ஒட்டி, சிலையின்றி வணங்கப்படுபவர் காப்பிரி முத்தப்பன். மெழுகுவர்த்தியும் சுருட்டும் கள்ளுமே அவருக்குரிய படையல். 1663இல் டச்சுக்காரரிடம் கொச்சியை இழந்த போர்த்துகீசியர், புதைத்துவிட்டுச் சென்ற செல்வத்துக்குக் காவலாகத் தம் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்றனர் என்பது கதை. நம்பிக்கையற்றவன் என்னும் பொருளுடைய ‘காஃபிர்’ என்ற அரபுச் சொல், போர்த்துகீசியர் வாய்வழி வந்து, இங்கே ஒரு தெய்வத்தின் பெயராகிவிட்டது.

இக்காப்பிரிக்கு மலைமேல் ஓர் உடன்பிறப்பு உண்டு. தாமரசேரிச் சுரத்தின் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்தால் வயநாட்டின் வாயிலான லக்கிடி. (நம் சங்கப் பாடல்களில் வெயில் காயும் பாலைவழியாகிய ‘சுரம்’, மலையாளத்தில் மழை ஓயாத மலைவழி.) அங்கே சாலையோர மரத்தில் கனத்த இரும்புச் சங்கிலி ஒன்று தொங்குகிறது. பணியர் குடியைச் சேர்ந்த கரிந்தண்டன் ஆங்கிலப் பொறியாளர் ஒருவருக்கு மலையேறும் வழியைக் காட்டினார். கண்டுபிடித்த புகழைப் பங்கிட மனமில்லாத துரை, வழிகாட்டியைக் கொன்றுவிட்டார். பின்னர் அவ்வழியே சென்றோர் விபத்துக்குள்ளாகி மடிய, பூசாரி ஒருவர் கரிந்தண்டனின் ஆவியை மரத்தில் பிணைத்தார். மரம் வளரச் சங்கிலியும் வளர்கிறதாம்!

அமெரிக்க மேற்கிலும் மலைவழிகாட்டிகளைப் பற்றிய கதைகள் ஏராளம். தோலுக்காக விலங்கு பிடித்துத் திரிந்த ஜிம் பிரிட்ஜர் (1804–1881) எழுத்தறியாதவர். தம்மைப் பற்றிய புளுகுகளைத் தாமே சுவைபடச் சொன்னவர். அவர் பெயரால் ஒரு கோட்டையும் ஒரு கணவாயும் உள்ளன. கரிந்தண்டனுக்கோ பிறந்த ஆண்டுமில்லை, இறந்த ஆண்டுமில்லை. ஆனால் பரவலாக வழங்கும் கதையில் பெயர் இழந்தவர் துரைதான். ஆவணம் எழுதுவோர் ஒருபோதும் செய்திராத நீதி இது.

எனினும் அந்நீதி அரைகுறையானது. கொன்றவர் கதையைவிட்டு நடந்து போய்விடுகிறார்; விலங்கு பூட்டப்படுவது கொலையுண்டவருக்கு. பிறர் பயணம் தடைபடக் கூடாதே! கேட்போருக்கு இது வியப்பாகப் படாததற்குக் காரணம் உண்டு. மானந்தவாடிக்கு அருகிலுள்ள வள்ளியூர்க்காவுத் திருவிழாவில், நிலவுடைமையாளர்கள் பணியரை ஓராண்டு உழைப்புக்குப் பேசிப் பிடிக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்.