துணிக்குக் கடுக்காய்

நம்மூர்ல 'கடுக்காய் கொடுத்துட்டான்'னா ஏமாத்திட்டான்னு அர்த்தம். குஜராத்துல கட்ச் பக்கம் துணிக்கே கடுக்காய் கொடுக்கறாங்க மக்களே! அஜ்ரக் துணியில அச்சு வைக்கறதுக்கு முன்னாடி கடுக்காய்த் தண்ணியில முக்கிக் காயவைக்கணும்.

அப்புறம் சுண்ணாம்பும் கோந்தும் கலந்து மர அச்சால ஒத்துவாங்க. அந்த இடத்துல சாயம் ஏறாது. கறுப்புக்கு, துருப்பிடிச்ச இரும்பும் வெல்லமும் சேர்த்து ஊறவச்ச தண்ணி. சிவப்புக்குப் படிகாரம். நீலத்துக்கு அவுரி. நடுநடுவே அலசல், காயல். ஒரு துணி முடிய வாரக்கணக்காகும்.

தண்ணி சரியில்லைன்னா நிறமும் சரியா வராது. 2001 பூகம்பத்துக்கு அப்புறம் தமட்கா கிராமத்துத் தண்ணியில இரும்பு அதிகமாயிடுச்சு. கத்ரி குடும்பங்கள்ல பல பேர் கிளம்பிப்போய் அஜ்ரக்பூர்னு புது ஊரே உண்டாக்கிட்டாங்க.

"நிதானமா வாழணும்"னு போர்வையை விரிச்சுப் படுத்துக்கிட்டு நாம சொல்றது சுலபம். அந்த நிதானம் அங்கே ஒருத்தரோட தோள்வலி. இங்கே? மெஷின்ல போட முடியாத போர்வையைக் கையால அலசறது யாரு? அழகு எல்லாருக்கும், அலசல் மட்டும் எனக்குன்னா அதுக்குப் பேர் நிதானமில்லை, கூடுதல் வேலை.

அதனால எங்க வீட்ல முறை போட்டாச்சு. ஒரு தடவை நான், அடுத்த தடவை ரங்கமணி. "மில் பிரிண்ட் கால் விலைக்குக் கிடைக்குமே"ன்னு முனகினவர், போன வாரம் நிழல்ல உலர்த்தும்போது கூப்பிட்டார்: "இங்க பாரேன், அச்சு கொஞ்சம் விலகியிருக்கு. யாரோ கையால வச்சதுதான்!"

உங்க வீட்ல யாருங்க அலசறது? :-)