ஆளுக்கொரு மேக்ரோ

தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனால் எழுத்தாளர்களின் பென் டிரைவுகளுக்கு அந்த ஆணை இன்னும் போய்ச் சேரவில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் அச்சகத்துக்கு இன்றும் வந்தபடிதான் இருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற மேக்ரோவை விட்டால் கதியில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் ஃபைண்ட்-ரீப்ளேஸ். உள்ளே போனால்தான் வம்பு தெரியும். பாமினியில் கொம்பு முதலில், எழுத்து பிறகு. திரையில் தெரியும் வரிசையிலேயே எல்லாம் கிடக்கும். யூனிகோடில் எழுத்துக்குப் பின்தான் குறி. எனவே 'கொ'வை மாற்றிய பிறகே 'கெ'யைத் தொட வேண்டும். முன்னே பின்னே ஆனால் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக நின்றுவிடும். பார்வைக்கு அதுவும் 'கொ'தான். தேடும்போதுதான் அகப்படாமல் கழுத்தறுக்கும். இதைவிடப் பொல்லாதது ஔகாரம். பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே விசை. யோசிக்காமல் எழுதிய மேக்ரோ 'வெளியீடு' என்பதை 'வௌியீடு' ஆக்கிவிடும். இணையத்தில் 'தௌிவு', 'வௌியே' என்றெல்லாம் கண்ணில் படுகிறதே, அதில் பெரும்பகுதி இந்த வகை மாற்றிகளின் கைங்கரியம் என்பது என் கணிப்பு.

இப்படிப்பட்ட மேக்ரோ ஒன்று நன்றாக ஓடுகிறது என்று தெரிந்தால் அலுவலகத்தில் என்ன நடக்கும்? "தம்பி, அத என் சிஸ்டத்துலயும் போட்டுக் குடேன்" என்பார் பக்கத்து மேசை அக்கா. அப்படியே நாலு மேசைக்கும் போகும். ஒருவர் 'வெளி'யைச் சரிசெய்வார். இன்னொருவர் 'ஸ்ரீ'யைச் சரிசெய்வார். கொஞ்ச நாளில் ஒரே பெயரில் நாலு மேக்ரோ. ஒரே நாவலின் முதல் பாதியில் 'வெளி'யும் பின்பாதியில் 'வௌி'யும் வந்தால், மெய்ப்பு பார்ப்பவர் எந்த மேசையைக் கேட்பார்?

போதாததற்கு, வேர்டில் பதிவு செய்யும் மேக்ரோக்கள் வழக்கமாக நார்மல் டெம்ப்ளேட்டில் போய் உட்கார்கின்றன. அந்தக் கோப்பு கெட்டுப்போய் அழித்துவிட்டால் வேர்ட் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். மேக்ரோ போனது போனதுதான்.

லிப்ரே ஆபீஸில் இதையே எக்ஸ்டென்ஷன் ஆக்கலாம். ஓஎக்ஸ்டி என்ற அந்தக் கோப்பு, பிரித்துப் பார்த்தால், சாதாரண ஸிப். உள்ளே மேக்ரோவோடு சில எக்ஸ்எம்எல் கோப்புகள். அவற்றில் ஒன்றில் பெயர், அடையாளம், பதிப்பு எண். எனக்கு அந்தப் பதிப்பு எண் ஒன்றே போதும். எந்த மேசையில் எது ஓடுகிறது என்று கேட்டால் பதில் கிடைக்கும். சரிசெய்வதும் ஓரிடத்தில் நடக்கும். என்ன, வேர்ட் வைத்திருப்பவருக்கு அந்தக் கோப்பு செல்லாது. அவருக்கு டெம்ப்ளேட்டாகக் கட்டி ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் தனியாக வைக்க வேண்டும். இரட்டை வேலைதான், புலம்பிப் பயனில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் நம் பயம் கொஞ்சம் இடம் மாறிக் கிடக்கிறது. 1999இல் மெலிஸா வைரஸ் வேர்ட் கோப்புக்குள் மேக்ரோவாக வந்து, முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. மேக்ரோ என்றாலே அன்று முதல் சந்தேகம். இணையத்திலிருந்து வரும் ஆபீஸ் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022இல் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. சரிதான். ஆனால் எக்ஸ்டென்ஷன் நிறுவும்போது கேட்பதோடு சரி, பிறகு நம் அனுமதியைக் கேட்பதில்லை. முன்பின் தெரியாதவர் கட்டித் தந்த எக்ஸ்டென்ஷனுக்கு 'ஓகே' அழுத்தும் விரல், மேக்ரோ எச்சரிக்கையைக் கண்டால் மட்டும் நடுங்குவது எனக்குப் புரியவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாவற்றையும் எக்ஸ்டென்ஷன் ஆக்கக் கிளம்பிவிட வேண்டாம். எக்ஸ்எம்எல்லில் ஒரு வரி பிசகினாலும் நிறுவ மறுக்கும். அதோடு அரை நாள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: இன்னொருவர் கேட்கும்வரை மேக்ரோ, கேட்ட பிறகு எக்ஸ்டென்ஷன். பாமினி மாற்றியை அப்படித்தான் கட்டினேன். ஒரு பேராசிரியரின் ஆய்வு நூலில் அடிக்குறிப்பு எண்களை அடைப்புக்குறிக்குள் தள்ளும் மேக்ரோ ஒன்றும் இருக்கிறது. அது அவருடைய கோப்பைத் தவிர வேறெதிலும் ஓடாது, யாரும் கேட்டதும் இல்லை. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. 'மேக்ரோ1' என்றே கிடக்கிறது.