இடப்பக்கம் கடல்: திருச்செந்தூர் முதல் குமரி வரை

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடலோரமாகப் போனால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் ஓட்டினால் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தூரம் குறைவு என்பதற்காகவே இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தோம். எனக்கும் மனைவிக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்கிற விடுமுறை ஞாயிறு ஒன்றுதான். அந்த ஒரு பகலில் புதுச்சேரி, பிச்சாவரம், தரங்கம்பாடி என்று நீட்டிக்கொண்டே போனால் நாள் முழுவதும் காருக்குள்ளேயே கழியும். இறங்கி நடக்க நேரம் இருக்காது. ஆகவே முதலில் எங்கெங்கே இறங்குவது என்று முடிவுசெய்தோம். கிலோமீட்டர் கணக்கு அதற்குப் பிறகுதான்.

தெற்கு நோக்கிப் போவது என்பதும் யோசித்து எடுத்த முடிவு. அப்படிப் போனால் கடல் இடப்பக்கம் வரும். நம்மூர்க் கார்களில் ஓட்டுபவர் வலப்பக்கம் இருப்பதால், பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கடல். பாதி வழியில் இடம் மாறிக்கொள்வது என்று பேசிக்கொண்டோம். இருவருக்கும் ஓட்டத் தெரிந்திருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

சனிக்கிழமை மாலையே மதுரையிலிருந்து திருச்செந்தூர் வந்து தரிசனத்தை முடித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றால் பகலில் பாதி போய்விடும். விடியலில் கடற்கரைக்கு வந்தபோது, இருட்டு பிரியும் முன்பே நூற்றுக்கணக்கானோர் அலையில் முங்கி எழுந்து, நாழிக்கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். முருகனின் அறுபடை வீடுகளில் கடலோரத்தில் இருப்பது இந்தக் கோயில் ஒன்றுதான். மாசி கடைசி வாரம். ஆறரை மணிவாக்கில் கடலிலிருந்து சூரியன் எழுந்தது. ஏழு மணிக்குள் கிளம்பிவிட்டோம்.

கடலை விட்டு மேற்கே திரும்பிக் காயாமொழிப் பக்கம் போனோம். குதிரைமொழித் தேரி அங்கே இருக்கிறது. இதை வெயில் ஏறுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்; பத்து மணிக்கு மேல் அந்த மணலில் கால் வைக்க முடியாது. குங்குமச் சிவப்பில் மேடும் பள்ளமுமாக மணல். மணல் துகள்மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்த நிறத்துக்குக் காரணம். காற்று கொண்டுவந்து குவித்த மேடுகள் இவை. ஆடிக் காற்றில் இன்றும் இடம் மாறும். இந்தத் தேரிகளில் கற்கால மனிதர்களின் சின்னஞ்சிறு கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. 1956-ல் சாய்னர், ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் அவற்றைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கடலோரப் பயணத்தில் இந்தச் செம்மண் காடு எதற்கு என்று மனைவி முதலில் கேட்டாள். மேட்டின்மேல் ஏறி நின்றபின் அவளைக் கீழே இறக்குவதற்குத்தான் நேரம் பிடித்தது.

அங்கிருந்து உடன்குடி. வழியெல்லாம் பனை. பதனீர்ப் பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சாலையோரத்தில் ஒருவர் பதனீர் வைத்திருந்தார். டம்ளர் கேட்டேன். "டம்ளர் எதுக்கு அண்ணாச்சி, பட்டையில குடிங்க" என்று பச்சை ஓலையை மடித்துக் கையில் கொடுத்தார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டுவதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் இனிப்பாக நிற்கிறது. காய்ச்சினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனையேறுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிற காலம் இது. இந்தப் பக்கம் போகிறவர்கள் கருப்பட்டியை மரம் ஏறுகிறவர் வீட்டிலேயே கேட்டு வாங்கினால் நல்லது.

குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயிலை வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு நகர்ந்தோம். தசராவுக்கு வேடம் கட்டியவர்களால் நிரம்பி வழிகிற ஊர், மாசியில் அமைதியாக இருந்தது. இங்கேதான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும். இங்கிருந்து நேரே தெற்கே விடலாம், எதிரே வெறும் கடல்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர் இருந்தாலும், பெரும்பாலான இடங்களில் சாலையிலிருந்து கடல் தெரியாது. உடைமரமும் பனையும் மறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மீனவர் ஊருக்கும் இடப்பக்கம் ஒரு கிளைச்சாலை பிரியும். அதில் திரும்பினால்தான் கடல். திரும்பாமல் நேரே ஓட்டிக்கொண்டு போனவர்கள், "அந்த ரோட்டில ஒண்ணுமே இல்லையே" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

அப்படித் திரும்பிய இடத்தில்தான் மணப்பாடு. கடலுக்குள் மூக்கு நீட்டிய மணற்குன்று, அதன்மேல் திருச்சிலுவை ஆலயம், ஒரு கலங்கரை விளக்கம். புயலில் தப்பிய போர்த்துகீசியக் கப்பல் தலைவன் 1540-ல், உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இங்கே நட்டான் என்பது ஊர் மரபு. ஆலயம் 1581-ல் எழுந்தது. குன்றின் கடல் பக்கச் சரிவில், புனித சவேரியார் தங்கிய குகை. உள்ளே ஒரு கிணறு, நீர் உப்புக் கரிக்கவில்லை. திருச்செந்தூர் நாழிக்கிணற்றிலும் இதே அதிசயம். மணலில் இறங்கும் மழைநீர், கடல்நீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கும். அதிகம் தோண்டாத கிணற்றுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கும். கடற்கரை மக்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கணக்கு. இன்று கரையோரம் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சுகிற ஊர்களில் அந்த நல்ல நீர் போய் உப்பு ஏறுகிறது. அந்தக் கிணற்றுப் பக்கத்தில் நின்றபோது இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

குன்றிலிருந்து வடக்கே பார்த்தால் பிறைபோல் வளைந்த கடற்கரை, கருமேனியாறு கடலைத் தொடும் இடம், மணல் திட்டு, வரிசையாக ஏற்றி வைத்த வள்ளங்கள். ஊருக்குள் உயர்ந்த முகப்பு வைத்த பழைய வீடுகள். கொழும்போடு வணிகம் செய்த குடும்பங்கள் கட்டியவை. திருப்பலி முடிந்து தெரு நிறைய ஆட்கள். ஆனால் கரையில் ஏலச் சத்தம் இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "ஞாயித்துக்கெழம கடலுக்குப் போறதில்ல தம்பி. நாளைக்கு வந்தா மீன் ஏலம் பாக்கலாம்" என்றார். இந்தக் கரையின் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் அதுதான் வழக்கம். ஏலம் பார்க்க விரும்புகிறவர்கள் நாளைப் பார்த்து வர வேண்டும். கிளம்பும்போது உச்சி வெயில். திட்டத்தில் ஒரு மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தோம். கூடுதலாகச் செலவான நேரம் கொஞ்சமும் வீண் இல்லை.

உவரியில் சாப்பாடு. கடலை ஒட்டியே கப்பல் வடிவத்தில் கட்டிய கப்பல் மாதா ஆலயம், சற்றுத் தள்ளி சுயம்புலிங்க சுவாமி கோயில். ஓலைப்பெட்டியில் கடல் மண் சுமந்து நேர்த்திக்கடன் கழிக்கும் குடும்பங்கள் பிற்பகல் வெயிலிலும் வந்துகொண்டிருந்தன. இங்கே இடம் மாறினோம். ஸ்டியரிங் அவள் கையில், கடல் என் பக்கம்.

கூடங்குளத்து அணு உலைக் கூண்டுகள் தூரத்தில் தெரிந்தன, நிற்கவில்லை. நான்கு மணிக்கு வட்டக்கோட்டை. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு அவருக்கே படைத்தலைவனாகிச் சீரமைத்த கருங்கல் கோட்டை. மதில்மேல் நின்றால் ஒருபக்கம் கடல், திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை. கூட்டம் குறைவு. குமரியில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு நான்குவழிச் சாலையில் மதுரைக்குத் திரும்பினோம்.

குமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறவில்லை. 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தையும் கரையிலிருந்தே பார்த்தோம். படகு பிற்பகலிலேயே நின்றுவிடும், வரிசையும் நீளம். ஒரே பகல்தான் இருக்கிறது என்றால் அதை விட்டுவிடலாம். சென்னைக்கு ரயிலில் திரும்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் மாலை ஆறுக்கு முன்பே கிளம்பிவிடுகிறது. அதைப் பிடித்தால் அஸ்தமனம் கிடைக்காது. கடலுக்குள் சூரியன் இறங்குவதைக் காண ஐப்பசி முதல் மாசி வரைதான் நல்ல காலம்.

நேரம் இன்னும் சுருங்கினால் வட்டக்கோட்டையையும் விடலாம். தேரியையும் மணப்பாட்டையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். முடிந்தால் வெள்ளி இரவே திருச்செந்தூர் வந்து சனிக்கிழமை கிளம்புங்கள். மணப்பாட்டுக் கரையில் ஏலமும் கிடைக்கும், ஞாயிறு வீட்டில் ஓய்வும் கிடைக்கும்.