பெரிய திரையும் சிறிய பாடமும்

ஒரு பொருளை வீட்டுக்குள் கொண்டுவருவது எளிது. அதனோடு வாழப் பழகுவது அரிது. கடந்த ஆண்டு எங்கள் இல்லத்துக் கூடத்தில் இடம்பிடித்த 65 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி இவ்வுண்மையை எனக்கு உணர்த்திற்று. துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர்கள் வந்து கேட்டபோது, சங்க இலக்கியம் பற்றியே எழுத எண்ணினேன். ஆயின், அண்மையில் என்னைத் திருத்திய நூல் எதுவென்று நெஞ்சைத் தொட்டு வினவினால், அது நூலே அன்று. சுவரில் தொங்கும் அந்தக் கண்ணாடிப் பலகைதான். ஆகவே அதனைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

தொலைக்காட்சி எனக்குப் புதியதன்று. நான் பிறந்தது தஞ்சைக் கடற்கரையில் ஒரு சிற்றூர். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கப்பெற்றது எனினும், அதன் அலைகள் எங்கள் ஊரை எட்டவில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பின்னரே, கடல் கடந்து வந்த படத்தைக் கண்டோம். தெருவுக்கு ஒரு பெட்டி. அவ்வீட்டு மாடியில் ஒரு நெடுங்கம்பம். அதன் உச்சியில் ஆன்டெனா. ஒருவர் மேலே நின்று கம்பத்தைத் திருப்பியவாறு, “தெரியுதா?” என்பார். “இன்னும் கொஞ்சம்!” என்று கீழிருந்து நாங்கள் கூவுவோம். உருவத்தினும் புள்ளிகளே மிகுந்திருந்த அப்படத்தை முப்பது பேர் தரையில் நெருங்கி அமர்ந்து கண்டு களித்தோம். அத்திரையின் குறுக்களவு 20 அங்குலத்தைத் தாண்டாது.

இப்போது வந்திருப்பதோ நாலே முக்கால் அடி அகலமுடையது. வளைகுடா நாட்டில் பணியாற்றும் மூத்த மகன் வாங்கித் தந்தான். பிளஸ் டூ படிக்கும் இளையவனுக்கென விளையாட்டுக் கருவி ஒன்றும் உடன் வந்தது. திரையில் குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 என ஏறத்தாழ 83 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. அன்று எங்கள் கண்ணை உறுத்திய புள்ளிகளுக்கும் இன்று கண்ணுக்கே புலனாகாத இப்புள்ளிகளுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

முதற்சிக்கல் என் தாயாரிடமிருந்து எழுந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பார்க்க ஆவலோடு அமர்ந்தவர், திரையின் இருபுறமும் கருமை நிற்கக் கண்டு, “இவ்வளவு பெரிய பெட்டி வாங்கியும் படம் நடுவிலேதானே தெரியுது?” என்று குறைபட்டார். இளையவன் உடனே படத்தை இழுத்துத் திரை முழுதும் நிரப்பினான். “எல்லாருக்கும் உடம்பு வீங்கிப் போச்சே!” என்று தாயார் சிரித்தார். அக்காலப் படங்கள் ஏறத்தாழ நாலுக்கு மூன்று என்னும் அளவில் எடுக்கப்பட்டவை. இக்காலத் திரை பதினாறுக்கு ஒன்பது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 1973ஆம் ஆண்டின் ‘ராஜராஜ சோழன்’ போன்றவை இதனினும் அகன்றவை. ஆதலால் அவற்றுக்கு மேலும் கீழும் கருமை நிற்கும். அவ்வெற்றிடம் குறையன்று, எடுத்தவர் வகுத்த எல்லை என்று விளக்கினேன். பழைய அளவே மீண்டது.

அடுத்த சிக்கலை உணர்ந்தவன் நான். எந்தப் படத்தைப் பார்த்தாலும் அது திரைப்படமாகத் தோன்றாமல், மேடை நாடகத்தை அருகிருந்து படம்பிடித்தது போன்று வழுவழுப்பாகத் தோன்றிற்று. காரணத்தை மகனே கண்டறிந்தான். திரைப்படம் நொடிக்கு 24 படங்களாக ஓடுவது. இப்பெட்டியோ, இரண்டு படங்களுக்கிடையே எவரும் எடுக்காத படங்களைத் தானே கற்பித்து இட்டு நிரப்புகிறது. அசைவு சீராகத் தோன்றுவதற்கு இப்படி ஓர் ஏற்பாடாம். அதனை நிறுத்தியதும் திரைப்படம் மீண்டும் திரைப்படமாயிற்று. மகனை மெச்சினேன். அம்மெச்சுதல் நெடுநாள் நீடிக்கவில்லை.

அரையாண்டுத் தேர்வு நெருங்கிய நேரம். இரவு பதினொரு மணி. கூடத்தில் துப்பாக்கி ஓசையும், காதில் மாட்டிய கருவியில் எவருடனோ அவன் பேசும் ஓசையும் ஓயவில்லை. மூன்று முறை ‘நிறுத்து’ என்றேன். “பத்தே நிமிஷம், அத்தா. இப்ப விட்டா…” என்று அவன் தொடங்கிய வாக்கியத்தை நான் முடிக்கவிடவில்லை. மின்செருகியைப் பிடுங்கினேன். திரை இருண்டது. அவன் ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து சென்றான். அதன்பின் ஒன்பது நாட்கள் என்னிடம் நேரே பேசவில்லை. சோறு வேண்டுமா என்பதும், கட்டணம் கட்டவேண்டும் என்பதும் என் தாயார் வழியாகவே வந்து போயின.

பத்தாம் நாள், வகுப்பு முடிந்தபின் மாணவர் ஒருவரிடம் இவ்விளையாட்டுகளைப் பற்றி வினவினேன். இணையவழிக் குழு ஆட்டத்தை இடையில் நிறுத்திவைக்க இயலாது என்றார் அவர். வெவ்வேறு வீடுகளிலிருந்து ஐவர் ஓர் அணியாகச் சேர்வர். ஒருவர் விலகினால் மற்ற நால்வரும் குறைபட்ட அணியாகத் தோற்பர். விலகியவர் சிறிது காலம் ஆடவியலாதபடி தடுக்கப்படுவதும் உண்டு. “நடுவுல ஓடிட்டான்னு பேர் வந்துடும், ஐயா” என்றார். அன்று மகன் முடிக்காத வாக்கியம் எனக்கு அப்போதுதான் முடிந்தது. அவன் கேட்ட பத்து நிமிடம் ஆசைக்காக மட்டும் கேட்டதன்று. பிறர்க்குக் கொடுத்த வாக்குக்காகவும் கேட்டதாகும். நேரம் தவறியது அவன் பிழை. கேளாமலே தீர்ப்பளித்தது என் பிழை.

அன்றிரவு அவனருகே சென்று அமர்ந்து, “நான் செய்தது தவறு. எனக்கும் இதைக் கற்றுக்கொடு” என்றேன். ஐயத்தோடு பார்த்தவன், கைப்பிடிக் கருவியை என்னிடம் நீட்டினான். ஒரு கட்டைவிரல் நடக்க, மறு கட்டைவிரல் பார்க்க, சுட்டுவிரல்கள் செயற்பட வேண்டும். நான் நடந்தால் பார்க்க மறந்தேன். பார்த்தால் நடக்க மறந்தேன். ஒரே பள்ளத்தில் ஏழு முறை விழுந்தேன். எட்டாம் முறை விழுந்தபோது, “முதல் நாள் எல்லாருக்கும் அப்படித்தான், அத்தா. மெதுவா வாங்க” என்றான். அச்சொல் என்னைத் தைத்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாக யாப்பிலக்கணம் நடத்துகிறேன். சீர் பிரிக்கத் தடுமாறி நின்ற மாணவர்களிடம் ‘உட்கார்’ என்று சொன்ன முறைகள் மிகுதி. ‘மெதுவாக வா’ என்று சொன்ன முறைகள் நினைவில் இல்லை.

அப்போதுதான் மற்றொன்றையும் அவன் காட்டினான். விளையாடும்போது தொலைக்காட்சியைத் தனி முறைக்கு மாற்றவேண்டுமாம். படத்தை மெருகூட்டப் பெட்டி எடுத்துக்கொள்ளும் நேரத்தால், விரல் அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையே சிறு தாமதம் நேர்கிறது. அம்முறையில் பெட்டி தன் மெருகு வேலையைப் பெரிதும் விட்டுவிடுவதால் தாமதம் குறைகிறது. திரைப்படத்துக்காக நான் வேண்டியதும் விளையாட்டுக்காக அவன் வேண்டியதும் ஒன்றே: பெட்டி தன் சரக்கைச் சேர்க்காமல், வந்ததை வந்தவாறே காட்டவேண்டும். தந்தையாகிய நானோ, மகனின் இரண்டு சொற்களுக்கிடையே அவன் சொல்லாதவற்றை நானே கற்பித்து நிரப்பி வந்திருக்கிறேன்.

எல்லாம் நேராகிவிட்டது என்று கூறேன். அரையாண்டில் இயற்பியலில் அவன் மதிப்பெண் குறைந்தது. அதற்கு விளையாட்டும் ஒரு காரணம் என்பதை அவனே ஒப்புக்கொண்டான். இரவு ஒன்பதரைக்குமேல் புது ஆட்டம் தொடங்குவதில்லை; தொடங்கிய ஆட்டத்தை நான் தடுப்பதில்லை என்பது எங்கள் உடன்படிக்கை. பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் கருவியைத் தானாகவே பாட்டியின் அலமாரியில் வைத்துப் பூட்டித் திறவுகோலையும் அவரிடமே தந்தான். உடன்படிக்கை மீறப்படும் இரவுகளும் உண்டு. ஆனால், எங்கள் பூசல்கள் இப்போது முழு வாக்கியங்களில் நிகழ்கின்றன.

என் உள்ளத்தில் இன்றும் ஒரு நெருடல் உண்டு. 20 அங்குலத் திரையின்முன் முப்பது பேர் அமர்ந்தோம். 65 அங்குலத் திரையின்முன் பல நாள் ஒருவரே அமர்கிறோம். திரை வளர வளரக் கூடம் சுருங்குவானேன்? இதனைத் திரை தீர்க்காது, நாமே தீர்க்கவேண்டும். ஆகவே, பெற்றோராகிய பெரியோர்களே, செருகியைப் பிடுங்குமுன் ஒரு நாளேனும் அருகில் அமர்ந்து பாருங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் தந்தையர் பள்ளத்தில் விழும்போது சற்றே பொறுத்திருங்கள். நான் இப்போது அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டேன். அதற்கடுத்த சுவரில்தான் முட்டிக்கொண்டிருக்கிறேன்.