ஈப்போ மரத்தடியில் ஒரு பாடம்



எங்கள் பள்ளி குறைந்த மாணவர் எண்ணிக்கை கொண்ட தோட்டத் தமிழ்ப்பள்ளி. பள்ளித் திடலில் நின்றால் இரயில் ஓடும் ஓசை கேட்கும். ஆயினும் ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் பயிலும் பதினான்கு பிள்ளைகளுள் பன்னிருவர் அதுவரை இரயிலில் ஏறியதே இல்லை. இதை அறிந்த பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் பயணச்சீட்டுச் செலவை ஏற்றுக்கொண்டனர். அவ்வாறுதான் ஒரு சனிக்கிழமை காலையில், துணைக்கு வந்த இரண்டு தாய்மார்களோடு தாப்பா ரோடு நிலையத்தில் ஈப்போவுக்குச் செல்லும் மின்இரயிலில் ஏறினோம். ஈப்போவின் பழைய நகரப் பகுதியை வழிகாட்டி ஒருவரின் துணையோடு நடந்து பார்த்துவிட்டு, மாலையில் திரும்புவது எங்கள் திட்டம்.

ஒரு மணி நேரத்திற்கும் குறைவான பயணம். கம்பாரைக் கடந்ததும் பழைய ஈயக் குட்டைகளும் பத்து காஜாவைத் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் குன்றுகளும் சன்னலோரம் வந்து நின்றன. பிள்ளைகள் பேசிய பேச்சில் பெட்டியே அதிர்ந்தது. பக்கத்து இருக்கைப் பயணி ஒருவரிடம் நான் இருமுறை மன்னிப்புக் கேட்டேன்.

அதே பிள்ளைகள் ஈப்போ நிலையத்தில் வழிகாட்டியைக் கண்டதும் ஊமையாகிப் போயினர்.

அவர் எழுபதை நெருங்கும் சீனப் பெரியவர். தெளிவான மலாய்மொழியில் பேசினார். நிலையத்தின் நீண்ட தாழ்வாரத்தைக் காட்டி, “இதன் நீளம் எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தனர். “183 மீட்டர்” என்றேன் நான். முதல் நாள் இரவே குறிப்பெடுத்து வந்திருந்தேன். “இந்தக் கட்டடத்தை வரைந்தவர் யார்?” என்றார். “ஆர்தர் பெனிசன் ஹப்பேக். கோலாலம்பூரின் பழைய இரயில் நிலையமும் ஜாமேக் பள்ளிவாசலும் அவர் வரைந்தவையே” என்றேன். எதிரே நின்ற நகர மண்டபத்தைப் பற்றிக் கேட்டார். 1916-இல் கட்டி முடிக்கப்பட்டது என்றும், இரயில் நிலையம் அதற்கு அடுத்த ஆண்டு நிறைவுற்றது என்றும் நானே சொன்னேன். சொன்னதை உடனுக்குடன் தமிழிலும் பெயர்த்துக் கொடுத்தேன்.

பர்ச் மணிக்கூண்டுக்குச் சென்றோம். 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பேராக்கின் முதல் ஆங்கிலேய ரெசிடெண்ட் பர்ச்சின் நினைவாக 1909-இல் எழுப்பப்பட்டது அது. அக்கொலைக்காக 1877-இல் மகாராஜா லேலாவும் டத்தோ சாகோரும் தூக்கிலிடப்பட்டனர். இன்று அந்த மணிக்கூண்டு நிற்கும் சாலைக்கு டத்தோ சாகோரின் பெயர். “கொல்லப்பட்டவருக்குக் கோபுரம், தூக்கிலிடப்பட்டவருக்குச் சாலை. ஏன் இப்படி?” என்று பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. வகுப்பில் ஒரு வாரம் பேசலாம். நானோ ஒரே மூச்சில் பதில் சொல்லி முடித்தேன்.

பெரியவர் சிரித்தார். “டீச்சர், இன்று பதினான்கு மாணவர்கள் வருவதாகச் சொன்னீர்கள். எனக்கு ஒரு மாணவர்தான் தெரிகிறார்.”

உடன் வந்த தாய்மார்கள் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியத் தொழிலில் இருப்பவள் நான். என் பிள்ளைகள் அயலார் முன் விழித்து நிற்கக்கூடாதே என்னும் அக்கறையில்தானே பேசினேன் என்று மனம் வாதாடியது.

அந்த அக்கறையின் வேர் எனக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளியில் பயின்று முடித்த நான், மலாய்மொழியில் தேர்ச்சி போதாமல் இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்தவள். அடுத்த ஆண்டு முதலாம் படிவத்தில் ஆசிரியர் என்னை எழுப்பிக் கேள்வி கேட்பார். விடை தெரியும், வாய் திறக்காது. வகுப்பே திரும்பிப் பார்த்த அந்த நொடிகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. என் மாணவர்களுக்கு அது நேரக்கூடாதென்று நான் அவர்களுக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறேன். ஆனால் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் இவர்கள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்வார்கள். அங்கே இவர்களுக்காகப் பதில் சொல்ல நான் இருக்கமாட்டேன்.

கிந்தா ஆற்றங்கரையில் பெரியவர், “ஊர் ஏன் இந்த இடத்தில் உருவானது?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அமைதி நீண்டது. பெரியவர் அவசரப்படவில்லை, ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு மாணவன், “குடிக்கத் தண்ணீர் கிடைக்கும்” என்று தட்டுத்தடுமாறி மலாயில் சொன்னான். “அதுவும் ஒரு காரணம்தான்” என்றார் பெரியவர். அதன் பிறகே, அந்நாளில் படகுகள் ஆற்றில் ஏறி வரக்கூடிய கடைசி இடம் ஈப்போ என்றும், ஈயம் இங்கிருந்துதான் படகேறியது என்றும் விளக்கினார்.

நிலையத்திற்குத் திரும்பினோம். வாசலுக்கெதிரே போர் நினைவுத் தூண் இருக்கிறது. சயாம்-பர்மா மரண இரயில் பாதையில் மாண்டவர்களை நினைவுகூரும் கல்வெட்டும் அங்குண்டு. பெரியவர் என் பக்கம் திரும்பி, “இங்கே நீங்கள்தான் பேச வேண்டும்” என்றார். போர்க்காலத்தில் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களை ஜப்பானியர் அங்குக் கொண்டுசென்றதையும், அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பாததையும் சொன்னேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டனர். ஆசிரியர் பேச வேண்டிய இடமும் இருக்கிறதென்று அப்போது தோன்றியது.

கடைசியாக, ஊருக்குப் பெயர் தந்த ஈப்போ மரம். இதன் நஞ்சைப் பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்பின் நுனியில் தடவி வேட்டையாடியதைப் பெரியவர் சொன்னார். பிறகு, “மரத்திலிருந்து நஞ்சை எப்படி எடுத்திருப்பார்கள்?” என்று கேட்டார்.

இம்முறை எனக்கே தெரியாது. என் குறிப்பேட்டிலும் இல்லை.

பின்வரிசையிலிருந்து ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி முன்னே வந்தாள். வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் தலை குனிபவள். அவளுடைய பாட்டி இன்றும் ஒரு சிறுதோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறார். விடுமுறை நாள்களில் இவளும் உடன் செல்வாளாம். “தோலை வெட்ட வேண்டும்” என்று மலாயில் தொடங்கினாள். ‘சாய்வாக’ என்பதற்குச் சொல் வரவில்லை; கையைச் சரித்துக் காட்டினாள். “ஆழமாக வெட்டக்கூடாது. மரத்துக்கு வலிக்கும். பிறகு பால் வராது. கீழே மங்கு வைக்க வேண்டும்.”

மங்கு என்று தமிழ்ச் சொல்லைச் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியவரோ, “மங்கோக்! சரியாகச் சொன்னாய்” என்றார். தோட்டத்தில் நாம் தலைமுறைகளாகப் புழங்கும் மங்கு, மலாய்ச் சொல்லின் வழி வந்ததே என்பது அவளுக்கும் வியப்பு, எனக்கும் வியப்பு. பழங்குடியினரும் பட்டையைக் கீறித்தான் பாலை எடுத்தார்கள் என்றும், பிறகு அதை நெருப்பில் காய்ச்சிக் கெட்டியாக்கினார்கள் என்றும் பெரியவர் தொடர்ந்தார். அதற்குள் வேறு இருவர் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தனர்.

திரும்பும் இரயிலில் தாய்மார்களுள் ஒருவர் என்னருகில் வந்து அமர்ந்தார். “டீச்சர், கிளினிக்கில் டாக்டர் என் மகனைப் பார்த்து ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்டால்கூட நான்தான் பதில் சொல்கிறேன்” என்றார். இருவரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

கேள்வி கேட்டபின் ஆசிரியர் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார் என்றும், மூன்று நொடி காத்திருந்தாலே மாணவர்களின் விடைகள் நீள்கின்றன, கூடுதலான மாணவர்கள் பேச முன்வருகின்றனர் என்றும் 1970-களில் மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் ஆய்ந்து கூறினார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இதை நான் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். வகுப்பறையில்தான் மறந்துபோனேன்.

இப்போது கேள்வி கேட்டதும் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். எளிதாக இல்லை. அன்று முழுவதும் ஒரு சொல்லும் பேசாத மாணவன் ஒருவன் இன்னும் பேசவில்லை. அவனுக்காகப் பத்து வரை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பெற்றோர்களே, அடுத்த முறை கடையிலோ கிளினிக்கிலோ யாரேனும் உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டால் நீங்களும் எண்ணிப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.